கிரேயில் ஏது ஸ்கின் கலர்?

ஸ்கூல் டிராயிங் கிளாஸில் முகத்துக்குக் கலர் அடிக்க 'ஸ்கின் கலர்' க்ரேயானைத் தேடுவோமே, ஞாபகம் இருக்கா? இளம் பிங்க்கில் ஒண்ணு! அந்தக் கலரில் உங்க கிளாஸில் யாராவது இருந்தாங்களா, சொல்லுங்க? அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனி 'ஃப்ளெஷ்' என்ற தன் க்ரேயானுக்கு 1962-லேயே 'பீச்' என்று பேர் மாத்திடுச்சு. நம்ம வாயில் மட்டும் 'ஸ்கின் கலர்' இன்னும் ஒட்டிட்டிருக்கு.

நான் படிக்கிறது மெக்கானிக்கல். அசைன்மென்ட்டுக்கும் லேப் ரெக்கார்டுக்கும் நடுவே கிடைக்கிற கேப்பில், கிரே மார்க்கரில் ஆட்களை வரையறது என் பொழைப்பு. ஆல்கஹால் மார்க்கர்னா காப்பிக்தான் பிரபலம். ஜப்பானில் 1987-ல் வந்தது. ஜெராக்ஸ் எடுத்த கோட்டு மேல அடிச்சாலும் கோடு கலையாது. நீலம் கலந்த 'கூல்', பழுப்பு கலந்த 'வார்ம்', ரெண்டுமில்லாத 'நியூட்ரல்' என்று கிரேயிலேயே ஏகப்பட்ட குடும்பங்கள். மொத்த செட்டையும் வாங்கினா மெஸ் பில் கட்ட முடியாது. நியூட்ரலில் 1, 3, 5, 7, 9... அஞ்சே அஞ்சு போதும்.

முதல் வேலை, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு ஆளைப் பார்க்கணும். மூக்கு, முழி, பட்டன் எல்லாம் மறைஞ்சு வெளிச்சம், நிழல் ரெண்டு மட்டும் மிஞ்சும். அப்புறம் 1-ஐ எடுத்து, நிற்கிற சாய்வை நாலே கோட்டில் பிடிக்கணும். தலையை ஒரு அளவா வெச்சா, சராசரி ஆள் உயரம் ஏழரைத் தலை. அதே 1, 3-ல் பெரிய நிழல்களை நிரப்பி, 5, 7 என்று மெதுவா இறங்கணும். மை ஈரமா இருக்கும்போதே அடுத்த ஷேடை வெச்சா ஓரம் குழைஞ்சு கன்னம் உருண்டு வரும். காய விட்டு வெச்சா, தாடை நிழல் மாதிரி நறுக்குன்னு விழும். கடைசியா முடிக்கும் கண்ணுக்கும் 9. வெளிச்சம் படுற இடம்? அங்கே மார்க்கரே கூடாது, பேப்பரோட வெள்ளைதான்! அடியில் ஒரு வேஸ்ட் பேப்பர் கட்டாயம், மை ஊறி இறங்கிடும்.

என் ரூம்மேட் குரூப் போட்டோன்னாலே கடைசி வரிசைக்கு ஓடுற ஆள். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சு, ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்தாங்க. கம்ப்யூட்டரில் வெளுக்க வெச்சதில் மூக்கே காணாமப் போச்சு. "இது யாருடி?"ன்னு அவளே கேட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை, ஜன்னலோரம் படிச்சிட்டிருந்தவளை வரைய உட்கார்ந்தேன். "கொஞ்சம் கலரா போடுடி" என்றாள். மார்க்கரில் இருட்டைக் கூட்டலாம், குறைக்க முடியாது. அவளை வெளுப்பாக்கணும்னா முதல் கோட்டிலிருந்தே பொய் சொல்லணும். நான் 5-ஐ எடுத்தேன்.

அப்பதான் ஒண்ணு பிடிபட்டுச்சு. தோலின் பளபளப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான். சுற்றியிருக்கிற நிறம் அடர்த்தியா இருந்தா, அந்த வெளிச்சம் இன்னும் பளிச்சுன்னு தெரியும். அவ நெத்தியிலும் மூக்கு நுனியிலும் கன்னத்து எலும்பிலும் நான் விட்டுவெச்ச வெள்ளை, தகதகன்னு நின்னுச்சு. வெளிறின முகத்தில் அந்த வெள்ளைக்கு வேலையே இல்லை.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தா. "இது எங்க பாட்டி மூக்கு" என்றாள். அதுக்கப்புறம் வெளுப்பு பற்றிப் பேச்சே எடுக்கலை. அந்தப் படத்தை செல்போனில் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினா, "ஸ்டுடியோ போட்டோவை யாருக்கும் தராதீங்க" என்ற மெசேஜோடு.

பதில் இன்னும் வரலை. நாங்க ரெண்டு பேரும் வெயிட்டிங். நீங்க சும்மா இருந்தா ஒரு கிரே மார்க்கர் வாங்கி, பக்கத்து பெஞ்ச் ஆளை வரைஞ்சு பாருங்களேன்!