மண்டிச் சீட்டு

பள்ளிக்கரணையில் தள்ளுவண்டிக்காரர் "ஊட்டி கேரட்டு" என்று கூவினால் வாங்குபவர்களுக்கு ருசி ஞாபகம் வரும். எனக்கு லாரி வாடகைதான் ஞாபகம் வரும்.

கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு இருந்தது, சரிவில் படிப்படியாக வெட்டிய கொஞ்சம் நிலம். கார்போகத்தில் உருளை, அதை எடுத்ததும் கேரட், ஏதாவது ஒரு படியில் முட்டைக்கோஸ். ஒரு போகம் கவிழ்த்தாலும் அடுத்தது தூக்கிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. தூக்கியும் விட்டது, எங்கோ இன்னொருவர் தோட்டம் உறைபனியில் கருகிய வருடங்களில். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

கேரட் அறுவடை இரவிலேயே தொடங்கிவிடும். பிடுங்கி, தழையைத் திருகி, கழுவி, விடிவதற்குள் லாரி ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேரும். கழுவும் இயந்திரம் வராத காலம். ஓடையோரம் காலால் மிதித்துத்தான் கழுவுவார்கள். டார்ச் வெளிச்சத்தில் சேறு கரையக் கரைய ஆரஞ்சு நிறம் மேலே வரும். கால் விறைத்துப்போய், அம்மா நீட்டும் வரக்காப்பி டம்ளரைக் குடிப்பதற்கு முன் கன்னத்தில் வைத்துக்கொள்வோம்.

இரண்டொரு நாளில் லாரி டிரைவர் கையில் சீட்டு வரும். மேலே மூட்டை, எடை, விலை. கீழே கழிவுகள்: கமிஷன், வாடகை, இறக்குக்கூலி, சாக்கு, விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய முன்பணம். அப்பா கடைசி வரியை முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் மேலிருந்து படிப்பார். முன்பணம் கொடுத்த மண்டிக்கே சரக்குப் போயாக வேண்டும், அடுத்த மண்டியில் விலை கூட இருந்தாலும். இதைச் சுரண்டல் என்று எழுதுவது சுலபம். ராத்திரியில் கதவைத் தட்டினாலும் விதைக்குப் பணம் தந்தவர் அந்த மண்டிக்காரர்தானே! உருளைக்கு மட்டும் அப்பா, 1935-ல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலத்தை நம்புவார். நாலு பேர் முன்னால் விலை கேட்பார்கள் என்பதால்.

அக்கம்பக்கத்தில் பலர் தேயிலைக்கு மாறினார்கள். காட்டெருமை தின்னாது, மாதாமாதம் காசு வரும். அப்பா மாறவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். அடுத்த போகத்துக் கிழங்கு விலை அதையும் தீர்த்துவைத்தது.

இங்கே பள்ளிக்கரணையில் சம்பளம் முதல் தேதி வங்கியில் விழுந்துவிடுகிறது. டிரைவர் வரும் சாயங்காலத்துக்காக வீடே வாசலில் நிற்கும் அந்தத் தவிப்புக்குத்தான் ஏங்குகிறேன். லாபத்துக்கு ஏங்க, அப்படி ஒன்றும் பெரிதாக இருந்ததில்லை.

நிலம் இப்போது குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரர் மண்டி விலையைச் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார். போன மாதம் தள்ளுவண்டியில் கேரட் விலை சட்டென்று ஏறியிருந்தது. ஊருக்குப் போன் போட்டு, "பனியாங்க?" என்றேன்.

"நமக்கு ஒண்ணும் இல்லீங்க. தலைகுந்தா பக்கந்தான் நல்லா அடிச்சிருச்சு. பாவம்" என்றார். பிறகு, "நாளைக்கு ராத்திரி நம்முது லோடு ஏத்தறோமுங்க" என்றார்.