வங்காளப் பூனையும் வாடகை வீடும்

வங்காளப் பூனை என்று ஓர் இனம் உண்டு. பொன்னிற மேனியில் சிறுத்தையைப்போல் கரும்புள்ளிகள் பெற்றது. பெயரைக் கொண்டு அது வங்காளத்தில் தோன்றியது என்று கருதுவோர் பலர், உண்மை அதுவன்று. பிறந்த ஊர் ஒன்று, பிழைக்க வந்த ஊர் ஒன்று, பெயருக்கு முன்னெழுத்தாக நிற்கும் ஊர் வேறொன்று என வாழும் நம்மவர்க்கு இது வியப்பளிக்காது.

ஈஜிபுராவில் நாம் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் இருந்தனர். பெருந்தொகை கொடுத்து இவ்வினக் குட்டி ஒன்றை வாங்கினர். ஓராண்டு நிறையுமுன் அவர்களுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது. "அண்ணா, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தெருவில் விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை" என்றார் அவ்விளைஞர். இரயில்வே பார்சல் குமாஸ்தாவாகிய நாம், பிராணிகளைக் கூண்டோடு பதிந்து அனுப்பிப் பழகியவரேயன்றி வீட்டில் வளர்த்துப் பழகியவரல்லோம். ஆயினும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த உயிர் இத்தெரு நாய்களுக்கிடையே எத்தனை நாள் தரிக்கும்? ஏற்றுக்கொண்டோம். நம் மகள் அதற்குப் 'புள்ளி' என்று பெயரிட்டாள். இந்த எட்டுத் திங்களில் படித்தும், மருத்துவரைக் கேட்டும், கண்ணாரக் கண்டும் அறிந்தவற்றைச் சங்க அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

இப்பூனையின் மூதாதை சிறுத்தைப் பூனை என்னும் காட்டு விலங்கு. வீட்டுப் பூனையளவே இருக்கும், இரவில் எலி முதலியவற்றை வேட்டையாடும், நன்கு நீந்தும். ஆசியாவின் பல நாடுகளிலும், நமக்கு அண்மையில் குடகு முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் வாழ்கிறது. 1792-ல் இராபர்ட் கெர் என்னும் அறிஞர் இதற்கு இட்ட இலத்தீன் பெயரில் வங்காளம் இடம்பெற்றது. கலப்பினத்தின் பெயரும் அதன் வழி வந்ததே.

கலப்பு நிகழ்ந்தது அமெரிக்காவில். 1963-ல் ஜீன் மில் அம்மையாரிடம் இருந்த பெண் சிறுத்தைப் பூனைக்கும் கருநிற வீட்டுப் பூனைக்கும் குட்டி பிறந்தது. கணவர் மறைந்தபின் அம்முயற்சி நின்றுபோயிற்று. பின்னர், பூனைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் வில்லார்ட் சென்டர்வால், தம் ஆய்வுக்காகப் பிறந்த கலப்பினப் பூனைகள் சிலவற்றை 1980-ல் அம்மையாரிடம் அளித்தார். முதல் தலைமுறை ஆண்கள் மலடாக இருக்குமாதலின் வெளியிலிருந்து நல்ல ஆண் பூனை தேவைப்பட்டது. அது கிடைத்த இடம் எது தெரியுமா? நமது தில்லி! 1982-ல் அங்குள்ள மிருகக்காட்சிசாலையில், காண்டாமிருகத்தின் அடைப்பில் திரிந்த புள்ளியுடைய தெருப்பூனை ஒன்று அமெரிக்கா சென்றது. இவ்வினத்தின் மயிரில் மின்னும் பளபளப்பு அதன் வழிவந்த கொடை என்பர். சர்வதேசப் பூனைச் சங்கம் 1986-ல் இதனைப் புதிய இனமாக ஏற்றது. 1991-ல் போட்டிகளில் பட்டம் பெறும் தகுதியும் அளித்தது.

காட்டு மூதாதையிலிருந்து நான்காம் தலைமுறை முதற்கொண்டே இது வீட்டுப் பூனையாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு வந்ததுதான் புள்ளியும். எனினும் மடியில் உறங்கிப் பொழுது போக்கும் சாதுவன்று. பீரோவின் உச்சி அதன் சிம்மாசனம். குடத்து நீரைக் கையால் அளையும். கதவின் தாழைத் தட்டித் திறக்கும். ஆடத் துணையின்றேல் உரக்கக் கூவும்; திரைச்சீலை கிழியும். இது கெட்ட குணமன்று, பிறவிக் குணம். காலையும் மாலையும் கால்மணி நேரம் கயிற்றில் இறகு கட்டி ஓடவிட்டு, சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்த பிறகு நம் வீட்டில் அமைதி நிலவுகிறது. வெளியே விடுவதில்லை, பால்கனிக்கு வலை கட்டியுள்ளோம்.

உணவில் கருத்து வேண்டும். பூனை புலால் உண்ணும் பிறவி. பாற்சோறு மட்டும் தின்று அது நலமாக வாழவியலாது. பூனைக்கென விற்கும் சத்துணவே முதன்மை. இடையிடையே உப்பும் மசாலையும் இல்லாத அவித்த கோழி. "நம் சம்பளத்தில் கோழி பூனைக்கா?" என்று முதலில் முகஞ்சுளித்த நம் இல்லாளே இன்று அதற்கெனத் தனியே அவித்து வைக்கிறாள். வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடும். தரை துடைக்கும் பினாயிலும் தீங்கானது. பாதத்தை நக்கும்போது உள்ளே செல்லும். தடுப்பூசிகளையும் கருத்தடை அறுவையையும் உரிய காலத்தில் செய்வித்தல் வேண்டும். இவ்வினத்தில் பரம்பரையாக வரும் கண்நோயும் சோகையும் உண்டு. வாங்குவோர் தாய் தந்தைப் பூனைகளின் பரிசோதனைச் சான்றைக் கேட்டல் நன்று.

காப்பித் தோட்டத்தில் உறவினர் உள்ள அன்பர்களுக்கு ஒரு சொல். புள்ளிக்குட்டி ஒன்றைக் கண்டெடுத்தோம், வளர்க்கிறீர்களா என்று எவரேனும் கேட்கக்கூடும். அது காட்டுச் சிறுத்தைப் பூனையின் குட்டியாக இருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடித்தலும் விற்றலும் வளர்த்தலும் குற்றமாகும். குட்டியை இருந்த இடத்திலேயே விட்டு விலகினால் தாய் திரும்பி வரக்கூடும். வனத்துறைக்குச் செய்தி சொல்வதே முறை.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வங்காளப் பூனை 12 முதல் 15 ஆண்டு வரை வாழும். நாமோ 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் மனம் மாறலாம்; வேலை வேற்றூருக்கு மாறலாம். ஆதலின் குட்டியின் அழகைப் பார்க்குமுன், அடுத்த வீட்டிற்கும் அடுத்த ஊருக்கும் அதனை உடன்கொண்டு செல்வோமா என்று குடும்பத்தார் கூடிப் பேசுதல் வேண்டும். இல்லையெனத் தோன்றினால் வாங்காதிருப்பதே அறம். பூனையின்மீது ஆசை மிகுந்து, வளர்க்கவும் உறுதி பூண்டவர்கள் தம் தெருவில் பிறந்து தாயை இழந்த குட்டியை எடுக்கலாம். தில்லித் தெருவின் பிள்ளைதானே அமெரிக்காவில் பெருமை பெற்றது!

பார்சல் அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காண்பது ஒன்று: பயணத்தன்று முதன்முறையாகக் கூண்டில் அடைபடும் பிராணியே மிகவும் நடுங்குகிறது. ஆகையால் புள்ளியின் கூண்டைத் திறந்தபடி கட்டிலடியில் வைத்திருக்கிறோம். பகலில் அது அதற்குள்ளேதான் உறங்குகிறது. நமக்கு மாறுதல் உத்தரவு எந்நாள் வரினும், அதற்கும் சேர்த்தே சீட்டு எழுதப்படும்.