ஆலப்புழா படகில் ஒரு ராத்திரி... "கட்டிக் கிடக்கிற படகுல தலை எப்படிம்மா சுத்தும்?"

ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போவது என்றாலே அய்யனார் கோவில்தான். அருவிக் குளியல், சாமி கும்பிடு, கட்டுச்சோறு. இந்தக் கோடையில் அருவி வறண்டுவிட்டது. "அப்போ ஆலப்புழா போட் ஹவுஸ்" என்று பேத்தி பிடிவாதம் பிடிக்க, செங்கோட்டை வழியாகக் கிளம்பியது வேன்.

தாத்தா நூற்பாலை எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுசு ஜெனரேட்டர் ரூமில் கழிந்தது.

சாயங்காலமானால் ஆலப்புழாவில் படகுகள் ஓடாது. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். கரையோரம் கட்டிவிட்டு, ராத்திரி ஏ.சி-க்காக ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஒரு மணி நேரம் போயிருக்கும். "தலை வலிக்குது தாத்தா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள் பேத்தி. மகள் வாந்தி மாத்திரையைத் தேடினாள்.

"கட்டிக் கிடக்கிற படகுல தலை எப்படிம்மா சுத்தும்?"

"எனக்கும் தலை வலிக்குதுப்பா" என்றாள் மகள். அவ்வளவுதான். எல்லோரையும் படகின் முன்பக்கத்துக்கு விரட்டினார். அப்புறம் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். "சார், ஏ.சி. நின்னுடுமே" என்றார் படகு ஊழியர். டார்ச் அடித்துப் பார்த்தால், புகைக்குழாய் இணைப்பில் விரிசல். காற்றும் பின்னாலிருந்து அடிக்க, புகை நேராக ரூமுக்குள் போயிருக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடலாம். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்களே, அதுவும் இதனால்தான். ஜெனரேட்டர் புகை தரையிலிருந்த ஓட்டை வழியே உள்ளே வந்ததை கோழிக்கோடு என்.ஐ.டி. குழு கண்டுபிடித்தது.

மூடிய அறையில்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2000-ல் அமெரிக்காவின் பவல் ஏரியில், படகு வீட்டின் பின்தளத்துக்கு அடியில் நீந்திப்போன அண்ணன் தம்பி இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அந்த இடுக்கில் தேங்கியிருந்தது. இன்ஜின் ஓடும்போது பிள்ளைகளைப் படகின் பின்பக்கம் விடக்கூடாது என்பது இதனால்தான்.

மகள் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பேத்தி விரலில் மாட்டினாள். 98. "நல்லாத்தானேப்பா இருக்கு?" இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாது. தாத்தா அதை நம்பவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரிடம் வாந்தி, தலைவலி என்று மட்டும் சொல்லாமல், "ஜெனரேட்டர் புகையில இருந்தாங்க" என்று முதலிலேயே சொன்னார். உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

விடியற்காலை திரும்பி வந்து, ஜெனரேட்டர் இல்லாமல் முன்பக்கத் தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். காயல் கொசு சும்மா விடுமா? செங்கோட்டை வரும் வரைக்கும் கையைச் சொறிந்துகொண்டே தாத்தாவைத் திட்டினாள் பேத்தி.