சோப்பு நீரும் சூரிய ஒளியும்



நீருக்கும் எண்ணெய்க்கும் தீராத பகை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பகையைத் தீர்த்து வைக்கும் நடுவர்தான் சோப்பு. சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். நீரில் போதிய அளவு சோப்பு கரைந்ததும் வால்கள் எல்லாம் உட்புறம் கூடிக்கொள்ள, தலைகள் வெளியே காவல் நிற்க, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உருண்டைகள் உண்டாகின்றன. இவற்றுக்கு மிசெல் என்று பெயர். பற்பசையிலும் ஷாம்பூவிலும் சேர்க்கப்படும் சோடியம் டோடெசில் சல்பேட் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.3 கிராம் சேரும்வரை உருண்டைகள் தோன்றுவதில்லை. அந்த அளவைத் தாண்டினால் சுமார் 60 மூலக்கூறுகள் ஒன்றுகூடி ஒரு மிசெல் ஆகின்றன.

சோப்பு நீரில் இவ்வாறு கூட்டம் கூடுகிறது என்று 1913ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் மெக்பெய்ன் என்னும் விஞ்ஞானி. 1950இல் புனே நகரில் திறக்கப்பட்ட நமது தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே என்று அறிந்தபோது நான் பெருமகிழ்ச்சி அடைந்தேன்.

எங்கள் அண்ணாகிராமம் பகுதியில் முந்திரி மிகுதி. என் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குச் செல்கிறார். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். வெறும் நீர் அதை அசைக்காது, சோப்புதான் அகற்றும். ஆயினும் தோலில் ஏறிய கருங்கறை சோப்புக்கும் அஞ்சுவதில்லை. மிசெல் என்ற சொல்லை வகுப்பில் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவை அந்தக் கைகளே.

அன்று எங்கள் அறிவியல் ஆசிரியை மேலும் ஒரு வியப்பான செய்தி சொன்னார். நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் அதைப் பற்றிக்கொண்ட மூலக்கூறுகள்: இதுவே அணைவுச் சேர்மம். இலையின் பச்சையமும் மக்னீசியத்தை நடுவில் கொண்ட அணைவுச் சேர்மம்தான். ருத்தேனியம் என்னும் அரிய உலோகத்தின் அணைவுச் சேர்மம் ஒன்று நீல ஒளியை உட்கொண்டு செம்மஞ்சளாக ஒளிரும். ஒளியால் கிளர்ந்த அந்த நிலை ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. அதற்குள் பக்கத்து மூலக்கூறுக்கு அது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால், ஒளி ஆற்றல் வேதி ஆற்றலாகிறது. ஆனால் வெறும் நீரில் அந்த எலக்ட்ரான் விரைவிலேயே திரும்பி வந்துவிடுகிறது. ஆற்றல் வெப்பமாக வீணாகிறது.

இங்கேதான் மிசெல் துணைக்கு வருகிறது. இவ்வகை மிசெலின் வெளிப்புறம் எதிர்மின்சுமை கொண்டது. நேர்மின்சுமை கொண்ட ருத்தேனியச் சேர்மத்தை அது தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பெற்று எதிர்மின்சுமை அடைந்த மூலக்கூறையோ விலக்கித் தள்ளுகிறது. கொடுத்தவர் வீட்டு வாசலில்; வாங்கியவர் தெருக்கோடியில்! இருவரும் மீண்டும் சேர்வதற்குள் கிடைக்கும் சிறிது நேரமே விஞ்ஞானிகள் தேடும் செல்வம். பச்சை இலையும் தன் மெல்லிய கொழுப்புப் படலத்தின் உதவியால் இப்படித்தான் மின்சுமைகளைப் பிரித்து வைக்கிறது.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கோபால்ட் அணைவுச் சேர்மத்தோடு நீண்ட கார்பன் சங்கிலியை இணைத்து, உலோகமே தலையாக நிற்கும் சோப்பு போன்ற சேர்மங்களை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். மிசெல் கரைசலிலிருந்து அடுப்பெரிக்கும் எரிபொருள் இன்னும் நம் வீட்டுக்கு வந்துவிடவில்லை. வர வேண்டுமானால் உழைக்கப் பலர் வேண்டும்.

"பெண் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று உறவினர் சிலர் கேட்டனர். அம்மா அவர்களோடு வாதாடவில்லை. "பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவே எடு" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

தோழியரே! துணி துவைப்பதும் பாத்திரம் துலக்குவதும் நம் வேலை என்று உலகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அந்தச் சோப்பு நீருக்குள் சூரியனையே பிடித்து வைக்கும் வித்தை ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டறியும் வேலையும் நம்முடையதாகட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி