முனையில என்ன மாட்டியிருக்கு?

பாலவாக்கத்தில் எந்தப் பொருளுக்கும் பாதி ஆயுசுதான் என்று வீட்டுக்காரம்மா சொன்னபோது, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு, மாடி வீடு. முதல் மழைக்காலம் முடிவதற்குள் கேட்டின் கீல் துருப்பிடித்துக் கத்தத் தொடங்கியது. ஏசியின் வெளிப்பெட்டி பொரிந்து உதிர்ந்தது. அப்புறம் ஒருநாள் ஹெட்ஃபோன் பின்னை உருவிப் பார்த்தால், பளபளவென்று இருந்த உலோகத்தின் மேல் மங்கலாக ஒரு படலம். வால்யூம் குமிழைத் திருகினால் இடது காதில் மட்டும் கரகர. கடல் உப்பு காதுவரை வந்துவிட்டது.

அந்தக் கரகர எனக்குப் பழைய சிநேகிதம். செய்யாறு பக்கம் என் தாய்மாமா மைக் செட் வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு மைக், ஆறு குழாய் ஸ்பீக்கர், சாக்கில் சுற்றிய ஒயர். ஆடி மாதம் பிறந்தால் மாமா வீட்டில் தங்கமாட்டார். ஊர் ஊராகக் கூழ் ஊற்றும் திருவிழா. பள்ளி விடுமுறை நாளென்றால் நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். பனைமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு ஆள் இறங்கியதும், பாட்டு எப்போது வரும் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து நிற்பார்கள். மாமா அவசரப்படமாட்டார். சுவிட்சில் கை வைப்பதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பார்.

"முனையில என்ன மாட்டியிருக்கு?"

எத்தனை குழாய், ஒவ்வொன்றும் எத்தனை ஓம், வரிசையாகக் கட்டியதா, பக்கத்தில் பக்கத்தில் கட்டியதா என்று ஒயரின் கடைசிவரை அவருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். அதன்பிறகுதான் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அதற்கப்புறம் எல்.ஆர். ஈஸ்வரி. ஓம் என்றால் கோயிலில் சொல்வது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷன் "இது எத்தன ஓமு, அது எத்தன ஓமு" என்று கேட்டால் சின்னப் பையன் வேறு என்ன நினைப்பான்? ஜெர்மனியில் ஓம் என்ற வாத்தியார் ஒருவர் இருந்ததும், அவர் 1827-ல் தன் விதியைப் புத்தகமாகப் போட்டதும் ஒன்பதாம் வகுப்பில்தான் தெரியவந்தது. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அந்தாளு எந்த ஊர் திருவிழாவுல செட்டு போட்டான்?" என்றார்.

குழாய் ஒன்று 16 ஓம். நாலைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால், அதாவது பேரலலில், மொத்தம் 4 ஓம். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 4, 8, 16 என்று எழுதிய முனைகள் இருக்கும். பார்த்து மாட்ட வேண்டும். ஒரு வருஷம், மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், பக்கத்துத் தெருவுக்கும் சத்தம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு குழாயையும் அதே ஒயரில் நான் முறுக்கிவிட்டேன். ஆறு குழாய், 2.67 ஓம். கால் மணி நேரம் ஊரே அதிர்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை. அப்புறம் கருகிய வாசனை. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் கூடுதலாகக் கரண்ட் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது உள்ளே டிரான்சிஸ்டர் போகும். மாமா என்னை அடிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் மூடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல மணிக்கொருதரம் அப்படி வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குச் சுட்ட சூட்டில் கையை உதறிக்கொண்டார்.

பல வருஷம் கழித்துப் பாலவாக்கத்தில் ஒரு மேஜையின் முன் உட்கார்ந்திருந்தபோது அந்த வாசனை ஞாபகம் வந்தது. இங்கே எதுவும் கருகவில்லை. நேர்மாறான தொந்தரவு. அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒரு சென்ஹைசர் எச்டி 600 வாங்கி வந்திருந்தான். 1997-ல் வந்த மாடல், இன்னமும் கடையில் கிடைக்கிறது. அதை ஃபோனில் மாட்டி வால்யூமைக் கடைசிவரை ஏற்றினாலும், பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவர் வழியாகக் கேட்பதுபோல இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 300 ஓம்.

மாமாவின் பயமெல்லாம் ஓம் குறைந்துவிடக் கூடாதே என்பதுதான். எனக்கு வந்து சேர்ந்தது ஓம் கூடிப்போன சமாச்சாரம். இப்படிப்பட்ட ஹெட்ஃபோனுக்குக் கரண்ட் சொற்பம் போதும், வோல்ட்டேஜ்தான் நிறைய வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். ஃபோன் அரை வோல்ட் தருகிறது என்று வையுங்கள்: 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது கிட்டத்தட்ட 8 மில்லிவாட், 300 ஓமுக்கு ஒரு மில்லிவாட்கூட இல்லை. மகளின் சின்ன 32 ஓம் ஹெட்ஃபோன் அதே ஃபோனில் அலறியதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் கம்பெனிக்காரர்கள் செய்யும் ஒரு குழப்பம் உண்டு. எவ்வளவு சத்தம் வரும் என்பதை ஒருவர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று அச்சடிப்பார், இன்னொருவர் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மோசம் போவோம். மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட 32 ஓம் ஹெட்ஃபோன் ஒரு வோல்ட்டுக்கு 115 தரும். அதே 100 போட்ட 300 ஓம் ஹெட்ஃபோன் 105-தான். மாமா இருந்திருந்தால் பெட்டியில் போட்ட நம்பரைப் பார்க்கவே மாட்டார், மீட்டரை எடுத்திருப்பார். இருந்திருந்தால் என்று ஏன் எழுதுகிறேன்? இருக்கிறார். எண்பதை நெருங்கிக்கொண்டு.

ஆம்ப்ளிஃபயர் வாங்கத் திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருவுக்கு நான் முதலில் போனது 2000-ஐ ஒட்டி, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய. அப்போது போர்டிலேயே சவுண்ட் வரும் காலம் தொடங்கிவிட்டது. ஆனால் அதில் ஹெட்ஃபோனை மாட்டி மவுசை நகர்த்தினால் காதில் குருவி கத்தும். உள்ளே ஓடும் மின்சாரச் சலசலப்பு எல்லாம் சத்தத்தில் கலந்துவிடும். அதனால் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு வாங்குவது அன்றைக்கு ஒரு கௌரவம். சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கம்பெனி, அந்தக் கார்டு 1998-ல் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: சிடியில் பாட்டு நொடிக்கு 44,100 துண்டாக இருக்கும், இந்தக் கார்டு எதை வாங்கினாலும் 48,000 ஆக்கித்தான் வெளியே விடும். எனக்கு அது காதில் தெரிந்ததா? தெரிந்ததாகத்தான் அப்போது சத்தியம் செய்திருப்பேன். அத்தனை காசு கொடுத்திருந்தேன்.

அந்தக் கார்டில்தான் ‘ப்ரியா’ பாட்டுகளை ஹெட்ஃபோனில் முதன்முதலாகக் கேட்டேன். 1978-ல் வந்த படம், பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. மாமாவின் குழாயில் நூறு முறை கேட்டிருக்கிறேன், ஆனால் பனைமரத்துக்கு ஏது இடது வலது? எல்லாம் ஒரே தகரத் தொண்டையிலிருந்து வரும். அன்றைக்குத்தான் வாத்தியங்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நடுராத்திரியில் மாமாவுக்கு எஸ்டிடி போட்டேன். தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்டது, "யாராச்சும் செத்துட்டாங்களா?"

இந்தமுறை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏறிய கடைகளில் எல்லாம் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று கேட்டார்கள். ஒரு பையன் நல்ல பிள்ளை, வண்ண விளக்கு எரியும் பெட்டியை எடுத்துக்காட்டி "சார், இது முப்பத்திரண்டு பிட்" என்றான். நூற்றிருபது டெசிபல் வித்தியாசத்தை அது காட்டுமாம். என் அறையில் ஃபேன் ஓடினாலே நாற்பது டெசிபலை ஒட்டிச் சத்தம் இருக்கும். எச்டி 600 முதுகு திறந்த ரகம், வெளிச்சத்தம் வடிகட்டாமல் உள்ளே வரும். சனிக்கிழமை ராத்திரி ஈசிஆரில் மாமல்லபுரத்துக்குப் பறக்கும் பைக்குகள் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். சிடியின் 16 பிட்டே 96 டெசிபல் தருகிறது. அதில் அடிப்பகுதியைக் கடல் தின்றுவிடும். மேல்பகுதி முழுவதையும் கேட்டால் காது போகும். முப்பத்திரண்டு பிட்டை வைத்துக்கொண்டு பாலவாக்கத்தில் நான் என்ன செய்ய?

வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிடந்தது, முகப்பில் பெரிய ஹெட்ஃபோன் துளையோடு. அதில் மாட்டினேன், சத்தம் போதும் போதும் என்று வந்தது. மகள் தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டினாள். பாஸ் ஊதிப்போய்ச் சோற்றுப் பானைக்குள் பாடுவதுபோல இருந்தது. அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலேயே ஒரு ரெசிஸ்டரைப் போட்டு ஹெட்ஃபோன் துளைக்கு இழுத்துவிடுவார்கள், நூறு ஓம், இருநூறு ஓம் என்று. ஹெட்ஃபோனின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை, சிலவற்றில் கீழ்ச்சுருதியில் ஏறிவிடும். மூலத்தில் பெரிய ரெசிஸ்டர் நின்றால், ஓம் ஏறிய இடத்தில் சத்தமும் தூக்கும். 300 ஓம்காரன் அதைத் தாங்கிக்கொண்டான், 32 ஓம்காரியால் முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரின் ஓம் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 32-க்கு 4. ஓமும் ஓமும் சமமாகப் பொருந்த வேண்டும் என்று மாமா காலத்திலிருந்து என் தலையில் ஏறியிருந்ததற்கு இது நேர் எதிர். இங்கே கொடுப்பவன் இளைத்தும் வாங்குபவன் பருத்தும் இருக்க வேண்டும்.

2011-ல் தன் பெயரைச் சொல்லாத ஒரு பொறியாளர் ஓ2 என்று ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்தை வெளியிட்டார். 9 வோல்ட் பேட்டரி இரண்டில் ஓடும். அதிக விலைப் பெட்டிகளை மீட்டர் வைத்து அளந்து சங்கடப்படுத்திய ஆள் அவர். அடுத்த வருஷமே சத்தமில்லாமல் காணாமல்போனார். எனக்கு மாமாவின் சாயல் அவரிடம் தெரியும், மாமா சத்தமில்லாமல் எதையும் செய்ததில்லை என்பது தவிர.

கடைசியில் வாங்கியது கையடக்கமான ஒன்று, யூஎஸ்பியில் மாட்டுவது, சவுண்ட் கார்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே டப்பாவில். 4 வோல்ட் தரும். 300 ஓமுக்கு 53 மில்லிவாட். அதன் சொந்த ஓம் ஒன்றுக்கும் கீழே. கெயின் சுவிட்ச் இரண்டு நிலை: மகளுக்குக் கீழே, எனக்கு மேலே. மேலே வைத்து மகளின் காதுக்குள் சொருகும் இயர்ஃபோனை மாட்டினால் பாட்டுக்கு முன்பே ஸ்ஸ் என்று கடல் கேட்கும்.

மாட்டிய அன்றே ம்ம்ம் என்று ஒரு முனகல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது, சொருகினால் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியில் டெஸ்டர் வைத்தால் மினுக்கியது. எலக்ட்ரீஷியன் வந்து நேரே தோட்டத்துக்குப் போனார். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டிருக்கிறார்கள், ஆனால் மேலே எல்லாம் மணல், கோடையில் காய்ந்துவிட்டது. "ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க சார்." ஊற்றினேன். முனகல் பாதியாகக் குறைந்தது. உப்பினால் கெட்ட செட்டுக்கு உப்புக்குழியில் தண்ணீர் ஊற்றுவதை வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் மாமா வந்திருந்தார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும், அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பார்கள். நூறு டெசிபலுக்குக் கால் மணி நேரம். மாமா குழாயடியில் கழித்தது நாற்பது ஆடி மாதம். மணியோசை, தாளம், பெண் குரலின் மேல்நுனி எல்லாம் அவருக்குப் போய்விட்டன. பேசினால் வாயைப் பார்க்கிறார்.

ஹெட்ஃபோனைத் தலையில் வைத்து ‘ப்ரியா’ போட்டேன். கையால் நிறுத்தச் சொன்னார்.

"எத்தன ஓமு?"

விரலை மூன்று காட்டி, வட்டம் இரண்டு போட்டேன். கொஞ்ச நேரம் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார், இவ்வளவு மெல்லிய ஒயரில் முந்நூறா என்பதுபோல. பிறகு குமிழைத் தானே பிடித்து, நான் ஒருநாளும் போகாத இடத்துக்கு ஏற்றினார். அந்த முதுகு திறந்த ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து எனக்கும் பாட்டு முழுவதும் கேட்டது, தகரத் தொண்டையில். அவர் கண்ணை மூடவில்லை. பாட்டு பாதியில் இருக்கும்போது டப்பாவின் மேல் புறங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"சூடே ஏறலையேடா," என்றார் சத்தமாக. "ஓடுதா இது?"