பொறியின் குரல்

கொங்கு நாட்டு உழவர் கிணற்றினை எட்டிப் பாராமலே, நீர் இறைக்கும் பொறியின் ஒலியைக் கொண்டு கிணற்றின் நிலையை அறிவர். நீர் நிரம்பியிருக்கும்போது பொறி சுமை தாங்கி ஒலிக்கும். நீர் வற்றிக் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் அதன் ஒலி வேறுபடும். வரப்பில் நிற்பவர் அவ்வேறுபாட்டை உணர்ந்து, விரைந்து சென்று பொறியை நிறுத்துவர். பொறிக்கு வாய் இல்லை. ஆயினும் குரல் உண்டு. அக்குரலின் பொருளை அறிவது ஒரு கல்வியாகும்.

இக்கல்வியைத் தம் முயற்சியாலேயே பெற்றவர் கோவை ஜி. டி. நாயுடு. 1893-ஆம் ஆண்டில் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அத்தகைய வண்டியைத் தாமும் பெறவேண்டும் என்னும் வேட்கை அவரைக் கோவைக்கு ஈர்த்தது. அங்கே உணவு விடுதியில் பணிபுரிந்து சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘ரட்ஜ்’ வண்டியை விலைக்கு வாங்கினார். அதனைச் செலுத்துவதோடு அவர் அமையவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், ஒவ்வோர் உறுப்பும் ஆற்றும் பணியைத் தாமே கண்டறிந்தார். பின்னாளில், 1920-ஆம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். 1937-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கினார். இவ்வெற்றிகளுக்கெல்லாம் வித்து, அன்று கழற்றிப் பூட்டிய வண்டியே எனலாம்.

ஓடி உழைக்கும் பொறி தேய்வது இயல்பு. ஓடாது நிற்கும் பொறியும் கெடும் என்பதைப் பலர் அறியார். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில், உறுப்புகளின்மேல் படர்ந்திருந்த எண்ணெய் மெல்ல மெல்ல வடிந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் உட்புகுந்து, உருளையின் சுவரில் துரு ஏற்றும். பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடு கார்புரேட்டரின் நுண்டுளைகளில் தங்கும். பழைய எண்ணெய் தடித்துக் குழாய்களில் படியும். வெளியே துடைத்து மெருகேற்றினால் வண்டி புதியதுபோல் ஒளிரும். உள்ளேயுள்ள கேட்டை ஒலி ஒன்றே வெளிப்படுத்தும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இஃது இனிது விளங்கும். 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ‘புல்லட்’ என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்தது. அவ்வகை வண்டி ஒன்று, பொள்ளாச்சிப் பக்கத்து உழவர் ஒருவரின் மறைவுக்குப் பின் பதினைந்து ஆண்டுகள் தோட்டத்துச் சாளையில் கிடந்தது எனக் கொள்க. அவர் பேரன் அதனை வெளிக்கொணர்ந்து, பெட்ரோல் கலத்தைக் கழுவி, கார்புரேட்டரைத் தூய்மை செய்து, புதிய எண்ணெய் ஊற்றி இயக்கினான். மூன்று நாள் வண்டி இனிது ஓடியது. நான்காம் நாள் திடீரென்று ‘டக், டக்’ என்னும் ஒலி எழுந்தது. அருகிலிருந்த பட்டறையில் காட்டியபோது, “கிராங்கின் பேரிங் தேய்ந்துவிட்டது, பொறியை முழுதும் பிரிக்க வேண்டும்” என்றனர். அதற்காகும் செலவைக் கேட்ட வீட்டார், “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்றனர். அப்பாருவின் வண்டியை இரும்பு விலைக்கு விற்க இளைஞனின் உள்ளம் இசையவில்லை. கோவையில் நெடுங்காலம் தொழில் புரிந்த முதியவர் ஒருவரிடம் அதனை ஏற்றிச் சென்றான்.

முதியவர் கருவி எதனையும் கையில் எடுக்கவில்லை. “ஒலி எழுந்தபின் எவ்வளவு தொலைவு ஓட்டினாய், கண்ணு?” என்று வினவினார்.

“ஓட்டவில்லை, ஐயா. உடனே நிறுத்திவிட்டேன்.”

“நல்லது செய்தாய். வண்டிக்குப் பாதி மருத்துவம் அப்பொழுதே முடிந்துவிட்டது” என்றார் அவர்.

பின்னர் எண்ணெயின் அளவைப் பார்த்தார். திருகாணிகள் தளர்ந்தனவா, புகைக்குழாய் பொருந்தும் இடத்தில் காற்றுக் கசிகின்றதா என ஆராய்ந்தார். அவற்றில் குறையில்லை எனக் கண்டபின், சிறிது நேரம் மட்டும் பொறியை இயக்கச் செய்தார். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையைப் பொறியின் பல இடங்களில் மாறிமாறி ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

ஒலிகள் பலதிறப்படும். அடியிலிருந்து கனத்து எழுந்து, சுமை ஏறும்போது மிகும் ஒலி கிராங்கின் பேரிங் தேய்ந்ததைக் குறிக்கும். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் தணியும் ஒலி, பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடைவெளி மிகுந்ததைக் குறிக்கும். மேட்டில் ஏறும்போது சிறுமணி குலுங்குவதுபோல் எழும் ஒலிக்கு எரிபொருளின் குறையோ, தீப்பொறி முந்தி எழுதலோ காரணமாகலாம். இவ்வண்டியின் ஒலியோ மெல்லிது, கூரிது, பொறியின் தலைப்பகுதியில் எழுந்தது, சூடேறச் சூடேற மிகுந்தது. மேலும், புகைக்குழாயின் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையே கேட்டது. கிராங்கு இருமுறை சுழன்றால் வால்வு ஒரு முறைதான் திறக்கும். புகைக்குழாயும் ஒரு முறைதான் துடிக்கும். ஆகவே இது வால்வுகளைச் சார்ந்த ஒலி என முதியவர் தெளிந்தார்.

பழைய புல்லட் வண்டிகளில், வால்வுகளை அழுத்தும் ராக்கர்களுக்கு எண்ணெய் செலுத்தும் மெல்லிய குழாய் வெளிப்புறமாக மேலேறிச் செல்லும். முதியவர் அதன் மேல்முனைத் திருகைத் தளர்த்தி, பொறியைச் சில நொடிகள் இயக்கினார். எண்ணெய் ஒரு துளியும் வரவில்லை. பல்லாண்டு படிந்திருந்த கசடு, புதிய எண்ணெயின் சூட்டில் இளகிப் பெயர்ந்து, நான்காம் நாளில் குழாயை அடைத்துவிட்டது. குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். கசடு கலந்த எண்ணெயை நீக்கி, வடிகட்டியை மாற்றினார். ராக்கர்களில் பெருந்தேய்வு இல்லை எனக் கண்டு, வால்வுகளின் இடைவெளியைச் சீர்செய்தார். ஒலி அடங்கியது. இன்னும் சில கல் தொலைவு ஓடியிருப்பின் ராக்கர்கள் எண்ணெயின்றித் தேய்ந்து அழிந்திருக்கும்.

முன்பு பார்த்தோரும் அவ்வொலியைக் கேட்டவரே. ஆனால் அது எங்கே எழுகின்றது, எப்பொழுது மிகுகின்றது, எத்தனை முறை கேட்கின்றது என்று அவர்கள் வினவவில்லை. கேட்டவுடன் முடிவு கூறினர். முதியவரோ வினவி, கேட்டு, ஒப்பிட்டு, இறுதியாகத் திருகைத் தளர்த்தித் தம் கருத்தைச் சோதித்தும் பார்த்தார்.

மருத்துவ நெறியும் இதுவே. 1816-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் இலென்னெக் என்னும் மருத்துவர், தாளினைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதய ஒலியைக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்தில் அணியும் கருவி அதிலிருந்து வளர்ந்ததேயாகும். பட்டறை முதியவரின் திருப்புளியும் அதன் இனத்தைச் சேர்ந்தது. பிணி இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்னும் கருத்தைத் திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். இந்நெறி உடலுக்குப் போலவே பொறிக்கும் பொருந்தும்.

பெரும்பழுது எனத் தோன்றுவது சிறு குழாயின் அடைப்பாகவும் இருத்தல் கூடும். சிறிதெனத் தோன்றும் ஒலி பெருங்கேட்டின் முன்னறிவிப்பாகவும் இருத்தல் கூடும். முன்னதில் அஞ்சிப் பொருளை இழத்தலும், பின்னதில் அசட்டையாக இருந்து பொருளை அழித்தலும் ஒரே அறியாமையின் இரு பயன்கள். காதால் கேட்பதற்கு முன் கையால் கழற்றாதவனே நல்ல தொழிலாளி.