கண்ணுக்குள் காட்சி, கண்ணெதிரே முகம்

அசிசி நகரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித கிளாரம்மாள் தம் இறுதிக் காலத்தில் நோயுற்றுப் படுக்கையிலேயே கிடந்தார். 1252-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவில் உடன் சகோதரிகள் அனைவரும் செபிக்கச் சென்றுவிட, தாம் மட்டும் தனித்து விடப்பட்டதை எண்ணி ஆண்டவரிடம் முறையிட்டாராம். அப்பொழுது தொலைவிலிருந்த புனித பிரான்சிஸ் ஆலயத்தில் நடைபெற்ற வழிபாட்டின் பாடல்களைக் கேட்கவும், பாலன் பிறந்த குடிலைக் காணவும் அவருக்கு அருள் கிடைத்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது. இதனை நினைவில் கொண்டே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இந்நிகழ்ச்சியை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் இருந்த காட்சிப் பெட்டி பின்னர் உள்ளங்கைக்கு வந்தது. இப்பொழுது கண்ணுக்கே வந்து சேர்ந்துவிட்டது. தலையில் அணிந்துகொள்ளும் ஒரு கருவியின் வழியாக, இல்லாத இடத்தை இருப்பது போலவும், வராத மனிதரை வந்தது போலவும் காண முடிகிறது. இதனை மெய்நிகர் காட்சி என்பர். பொருட்காட்சிகளிலும் வணிக வளாகங்களிலும் இதனை அணிந்து பார்த்த பிள்ளைகள் வியப்போடு பேசுகின்றனர். “சாமி, இது நல்லதா, கெட்டதா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். ஒரே சொல்லில் விடை கூற இயலாத இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தே தொலைவையும் ஆழத்தையும் உணர்கிறது. 1838-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்ணாடிகளை வைத்து, கண்ணுக்கு ஒன்றாக இரு படங்களைக் காட்டி, தட்டையான ஓவியத்தில் ஆழத்தைத் தோற்றுவித்தார். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட் கணிப்பொறி வரைந்த உருவங்களைத் தலையில் அணியும் கருவியில் காட்டினார். கூரையிலிருந்து இறங்கிய ஓர் இயந்திரக் கையோடு இணைந்திருந்த அக்கருவி, அணிந்தவர் தலையைத் திருப்பினால் அதற்கேற்பக் காட்சியையும் திருப்பிக் காட்டியது. இன்று கடைகளில் விற்கப்படும் கருவிகளுள் பெரும்பாலானவை கண்ணருகே சிறு திரைகளையும் அவற்றின் முன் வில்லைகளையும் கொண்டவை.

திரையே இல்லாத மற்றொரு முறையும் உண்டு. மிக மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று, நடுங்கும் சிறு ஆடிகளால் வரி வரியாக அசைக்கப்பட்டு, கண்ணின் பாவை வழியே நுழைந்து விழித்திரையின் மீதே படத்தை வரைகிறது. காண்பவருக்கோ எதிரே வெளியில் ஒரு காட்சி மிதப்பது போலத் தோன்றுகிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இம்முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் ஃபர்னஸ் என்பவர்.

இவருடைய வாழ்க்கை நம் சிந்தனைக்கு உரியது. 1966 முதல் ஏறக்குறைய 23 ஆண்டுகள் ஓஹையோ மாநிலத்தில் அமெரிக்க விமானப் படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். போர் விமானத்தில் நூற்றுக்கணக்கான விசைகளுக்கும் அளவிகளுக்கும் இடையே திணறும் விமானிக்கு வேண்டிய செய்திகள் அனைத்தையும் தலைக்கவசத்தின் வழியே கண்முன் காட்டுவதே அவருடைய வேலை. 1980-களில் இச்செய்தி வெளியில் தெரிந்தபோது அவருக்குப் பல தொலைபேசி அழைப்புகள் வந்தன. மூளைத் தாக்கத்தால் உடல் இயக்கம் குன்றிய குழந்தையின் தாய் ஒருத்தியும் அவர்களுள் ஒருத்தி. தம் குழந்தைக்கு இக்கருவியால் உதவி கிட்டுமா என்று அத்தாய் கேட்டதாக அவரே பின்னர் கூறியுள்ளார். 1989-ஆம் ஆண்டில் அவர் விமானப் படையை விட்டு விலகி, சியாட்டில் நகரில் மனித நலத்திற்கான ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறும் நாளை இறைவாக்கினர் எசாயா முன்னறிவித்தாரன்றோ? அதன் சிறு நிழல் ஒன்றை இங்கு நாம் காண்கிறோம்.

அவ்வாய்வுக்கூடத்திலிருந்து வந்த பயன்களுள் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். தீப்புண் பட்டவர்களுக்கு நாள்தோறும் கட்டுப் பிரித்துப் புண்ணைத் தூய்மை செய்யும் வேளையே கொடுமையான வேளை. வலுவான வலிநீக்கி மருந்துகள் கொடுத்த பின்னரும் அவர்கள் அலறித் துடிப்பர். 1990-களின் பிற்பகுதியில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்னும் இரு உளவியல் அறிஞர்கள், சியாட்டில் நகர மருத்துவமனை ஒன்றில், மருந்தோடு கூடவே மெய்நிகர் காட்சியையும் பயன்படுத்தத் தொடங்கினர். பின்னர் தீப்புண் நோயாளிகளுக்கெனவே ‘பனியுலகம்’ என்றொரு காட்சியும் அமைக்கப்பட்டது. கருவியை அணிந்த நோயாளி பனிமூடிய பள்ளத்தாக்கில் மிதந்து சென்று, பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனியுருண்டைகளை எறிகிறார். மனித கவனம் அளவுடையது. அது பனியில் ஈடுபடும்போது வலிக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. நலமுள்ள தன்னார்வலர்களின் காலில் வெப்பத்தால் வலியுண்டாக்கி, அவர்களுடைய மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபோதும் வலியோடு தொடர்புடைய பகுதிகளின் செயல் தணிந்ததாக 2004-ஆம் ஆண்டில் அறிவித்தனர். போரில் தீக்காயமுற்ற வீரர்களுக்கும் இம்முறை பின்னர் பயன்பட்டது. போர் விமானியின் தலைக்கவசம் காயமுற்றோரின் கட்டிலருகே வந்து நின்றதை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பனியுலகம் புண்ணை ஆற்றவில்லை. நோயாளி பனியில் உலவும் அதே வேளையில், அருகில் நின்று கட்டைப் பிரித்து, சீழைத் துடைத்து, மருந்திடுபவை செவிலியின் கைகளே. காட்சி அக்கைகளுக்குத் துணை செய்கிறது. அவற்றின் இடத்தைப் பறிக்கவில்லை.

இங்கேதான் திருச்சபையின் பழைய ஞானம் ஒன்று நமக்குக் கைகொடுக்கிறது. புனிதர்களின் படங்களையும் திருவுருவங்களையும் வணங்கலாமா என்று எழுந்த பெரும் பூசலில், 787-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம், படத்திற்குச் செலுத்தும் வணக்கம் படத்தோடு நின்றுவிடுவதில்லை, அப்படம் குறிக்கும் ஆளைச் சென்று சேர்கிறது எனத் தெளிவுபடுத்தியது. ஆகவே எந்தப் படத்தைக் குறித்தும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இது நம்மை ஓர் ஆளிடம் அனுப்பி வைக்கிறதா, அல்லது ஆளுக்குப் பதிலாகத் தானே வந்து அமர்ந்துகொள்கிறதா?

இக்கேள்வியோடு ஒரு துயர நிகழ்ச்சியை நோக்குவோம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, ஏழு வயது மகளை நோய்க்குப் பறிகொடுத்த தாய் ஒருவரை, மெய்நிகர் காட்சியில் அம்மகளோடு சந்திக்கச் செய்து ஒளிபரப்பியது. பழைய நிழற்படங்களைக் கொண்டு கணிப்பொறியில் அக்குழந்தையின் உருவை அமைத்திருந்தனர். கருவியையும் கையுறைகளையும் அணிந்த தாய், வெற்றிடத்தில் கைகளை நீட்டிக் கண்ணீர் சிந்தியதை உலகமே கண்டது. அது நல்லதொரு கனவைப் போலிருந்தது என்று அத்தாய் கூறினார். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. இலாசரின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர் விட்டாரன்றோ? பிள்ளையை அடக்கம் செய்த தாயின் அழுகையைக் கேட்ட எந்தக் குருவும் அத்தாய்க்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லத் துணியமாட்டார்.

எனினும் காட்சியைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். நம் இல்லங்களிலும் இறந்தோரின் படங்கள் மாலையோடு தொங்குகின்றன. அப்படங்கள் பேசுவதில்லை. பேசாததாலேயே அவை நம்மைச் செபிக்க வைக்கின்றன. நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கின்றன. கணிப்பொறி அமைத்த குழந்தையோ பேசுகிறது. அச்சொற்கள் அக்குழந்தையின் சொற்கள் அல்ல. யாரோ சிலர் எழுதி அதன் வாயில் வைத்தவை. இறந்தோர் கூறாததைக் கூறினார்கள் எனக் கேட்டுத் தேறுவது நிலைத்த ஆறுதல் ஆகாது. புனிதர்களின் சமூக உறவை அறிக்கையிடும் நமக்கு, இறந்தோர் இறைவனில் வாழும் உண்மை ஆள்கள். நம் செபம் அவர்களைச் சென்று சேர்கிறது. நம் காத்திருத்தல் உயிர்ப்பின் நாளில் நிறைவுறும்.

உயிரோடு இருப்போரின் நிலை என்ன? 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியின் விலை 3,499 டாலர். அதன் வெளிப்புறத்திலும் ஒரு திரை உண்டு. எதற்காக? அணிந்தவரின் கண்களை எதிரே நிற்பவர் காண முடியாதாகையால், அக்கண்களின் படத்தை வெளியே காட்டுவதற்காக! மனிதன் மனிதனின் கண்களைத் தேடுகிறான் என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் உணர்த்த இயலாது. ஆனால் தாயின் முகத்தை நோக்கும் குழந்தைக்கு வேண்டியது கண்களின் படமன்று, கண்களே.

ஆண்டவரும் நம்மைப் படமாக நின்று மீட்கவில்லை. ஊனுடல் எடுத்து வந்தார். ஐயுற்ற தோமாவைத் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்க அழைத்தார். ஆகவேதான் 2002-ஆம் ஆண்டு உரோமையின் சமூகத் தொடர்புத் திருத்துறை, நற்கருணையில் உள்ள உண்மைப் பிரசன்னத்திற்கு மெய்நிகர் காட்சி ஈடாகாது என அறிவுறுத்தியது. கொரோனாத் தொற்றால் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ், திரையில் காணும் திருப்பலி அவ்விடர்க் காலத்திற்கு உரியதே தவிர, மக்களும் அருட்சாதனங்களும் இன்றித் திருச்சபை இல்லை என எச்சரித்தார். கிளாரம்மாளும் சுவரில் கண்ட காட்சியைக் கொண்டு, “இனி ஆலயம் எதற்கு?” என்று கூறவில்லை. சகோதரிகளோடு சேர இயலாத ஏக்கத்திற்குக் கிடைத்த ஆறுதலே அக்காட்சி. படுக்கையிலுள்ள நம் நோயாளிகளும் திரையில் திருப்பலி காணட்டும். அதோடு நில்லாமல், வீட்டிற்கு நற்கருணை கொண்டுவரும்படி குருவுக்குச் சொல்லி அனுப்பட்டும்.

பெற்றோருக்கு நாம் கூறும் விடை இதுதான். இக்கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவத்திற்கும் கல்விக்கும் அது பயன்படுமாயின் வரவேற்போம். வளரும் கண்களுக்கு உரியது எது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். தயாரிப்பாளர் குறிக்கும் வயது வரம்பைப் புறக்கணிக்காதீர்கள். கருவியைக் கழற்றிய பின் பிள்ளை யாரை நோக்குகிறான் என்பதையும் கவனியுங்கள். கண்டதைத் தங்கையிடம் சொல்ல ஓடுகிறானா, அல்லது எவர் முகத்தையும் காண விரும்பாமல் மீண்டும் அதையே தேடுகிறானா? கருவி பணியாளாக உள்ளதா, எசமானாக உள்ளதா என்பதை அந்த ஒரு நொடி காட்டிவிடும். இதே அளவுகோலைக் கைப்பேசி ஏந்திய நம் கைகளுக்கும் வைத்துப் பார்ப்பது நலம். பாட்டி பேசிக்கொண்டிருக்கையில் திரையை நோக்கும் தகப்பனிடமிருந்தே பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

இவ்வாரம் குடும்ப செபம் முடிந்ததும், ஒருவர் நெற்றியில் மற்றவர் சிலுவை அடையாளம் இட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி இறை ஆசி கூறுங்கள். நம் கண்களைப் படைத்த இறைவன், அவை காண வேண்டிய முகங்களைக் காணும் அருளை நம் குடும்பங்கள் அனைத்திற்கும் அளிப்பாராக!